பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும் செஞ்சிச் சாலையும்

திண்டிவனத்தில் சென்னை நெடுஞ்சாலையை விட்டு மேற்கே பிரியும் சாலை, செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை ஆகிய ஊர்களைக் கடந்து கிருஷ்ணகிரியில் சென்று முடிகிறது. கோட்டை பார்க்கச் செல்வோரும் கிரிவலம் செல்வோரும் நன்கறிந்த இச்சாலைக்குக் கடந்த கால் நூற்றாண்டில் இன்னொரு முகமும் உண்டாகியிருக்கிறது. பிள்ளைகளை வழக்கமான பள்ளிக்கு அனுப்பாமல் நிலத்தோடும் உழைப்போடும் சேர்த்து வளர்க்க முனைந்த குடும்பங்களும், அவர்களைப் போன்றோர் தொடங்கிய சிறு கல்விக்கூடங்களும் இச்சாலையை ஒட்டியும் அதன் முனைகளுக்கு அப்பாலும் வரிசையாக அமைந்திருக்கின்றன. கிழக்கே ஆரோவில்லை அடுத்து, 2003-இல் தொடங்கப்பட்ட சாதனா வனம் இருக்கிறது. மேற்கே திருவண்ணாமலைக்கு அருகில், கணத்தம்பூண்டியில் 2009 முதல் மருதம் பண்ணைப் பள்ளி இயங்குகிறது. இன்னும் மேற்கே, சவ்வாது மலையடிவாரத்தில் சிங்காரப்பேட்டையை அடுத்த புளியானூரில் குக்கூ காட்டுப்பள்ளி உள்ளது. சாலையை விட்டு விலகித் தருமபுரிப் பக்கம் சென்றால் நாகர்கூடலில் புவிதம் வரும். இவற்றுக்கு நடுவே செஞ்சி நிற்கிறது. இத்தகைய பெயர்பெற்ற கூடம் எதுவும் செஞ்சியில் இல்லை. ஆயினும், பண்ணையில் வளரும் பிள்ளைக்குத் துணை எங்கிருந்து கிடைக்கும் என்ற கேள்வியை ஆராய இந்த நடுவூரே தகுந்த இடம். அதற்கான காரணம் கோட்டை மலையின் மேல் ஏறியதும் தெரிந்துவிடும்.

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெற்றோரே ஆசிரியராகவோ, ஆசிரியரை அமர்த்தியோ, வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிப்பது வீட்டுவழிக் கல்வி எனப்படுகிறது. பாடத்திட்டம், கால அட்டவணை ஆகியவற்றையும் கைவிட்டு, பிள்ளையின் ஆர்வம் செல்லும் வழியிலேயே கற்கவிடுவது பள்ளிசாராக் கல்வி. 1977-இல் அமெரிக்காவில் இதற்கெனவே ஓர் இதழைத் தொடங்கிய ஜான் ஹோல்ட் இக்கருத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். இவ்விரண்டைப் பற்றியும் யார் பேசத் தொடங்கினாலும், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி கணக்கையோ அறிவியலையோ பற்றியதாக இருப்பதில்லை. பிள்ளை யாரோடு விளையாடும் என்பதாகவே இருக்கிறது. அறிஞர்கள் சமூகமயமாதல் என்று குறிப்பிடும் பொருளைத்தான் அக்கேள்வி தொடுகிறது: தான் பிறந்த வீட்டுக்கு வெளியே உள்ள மனிதரோடு பழகி, விட்டுக்கொடுத்து, சண்டையிட்டு, சமாதானமாகி, ஊரின் நடைமுறையை உட்கொள்வதே சமூகமயமாதல். வீட்டுவழிக் கல்வியின் ஆதரவாளர்கள் இக்கேள்வியைச் சலிப்போடு எதிர்கொள்வது வழக்கம். தமிழ்நாட்டு நிலைமையை வைத்துப் பார்த்தால் அந்தச் சலிப்புக்கு நியாயம் குறைவு.

செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் அவற்றை இணைக்கும் மதில்களையும் கொண்டது. கோன் மரபினர், விஜயநகரத்தின் கீழ் ஆண்ட நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள், 1677-இல் இதைக் கைப்பற்றிய சிவாஜி, நெடுங்கால முற்றுகைக்குப் பின் 1698-இல் வென்ற முகலாயர், 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட தேசிங்கு ராஜன், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் எனக் கைமாறிய வரலாறு பலரும் அறிந்ததே. மராத்தியரின் போர்க்கோட்டைகள் என்ற தொகுப்பில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டையாக, 2025 ஜூலையில் இது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் செய்தித்தாள்களில் வந்தது. ஆனால் சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் உச்சியில் நின்று, மதில்களையும் கல்யாண மகாலையும் பார்த்து முடித்த கண்ணைச் சற்று அப்பால் செலுத்துவோருக்கு, வரலாற்று நூல்கள் சொல்லாத வேறொன்று புலப்படும். ஏரிக்கரையை ஒட்டி வீடுகள் நெருக்கமாகக் குவிந்த ஊர், அதைச் சுற்றி வீடே இல்லாத கழனியும் கொல்லையும், பிறகு மற்றோர் ஏரி, மற்றொரு குவிந்த ஊர் என்றே நிலப்பரப்பு அடிவானம் வரை விரிகிறது. கழனி என்பது நீர் பாயும் நன்செய். கொல்லை என்பது இப்பகுதியில் மல்லாட்டை என வழங்கும் வேர்க்கடலையும் உளுந்தும் விளையும் மேட்டு நிலம். உழவர் ஊருக்குள் குடியிருந்து நிலத்துக்குப் போய் வருவதே இங்குள்ள வழக்கம். கொங்கு நாட்டில் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கும் முறை உண்டு. செஞ்சிச் சீமையில் அது அரிது. பம்புசெட்டுக் கொட்டகையில் இரவு காவலுக்குப் படுப்பவர்களைத் தவிர, கொல்லையில் யாரும் தங்குவதில்லை.

பண்ணைவழிக் கல்வியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் செய்தி இதுதான். நகரத்து வேலையை விட்டுவிட்டு, வேளாண் அறிஞர் நம்மாழ்வார் போன்றோரின் பேச்சால் தூண்டப்பட்டு, நான்கைந்து ஏக்கர் வாங்கி இயற்கை வேளாண்மை செய்ய வரும் இளம் தம்பதியர், வாங்கிய நிலத்தின் நடுவிலேயே வீட்டைக் கட்டுகிறார்கள். அமெரிக்கப் பண்ணை வாழ்க்கையைப் பற்றிய நூல்களும் காணொளிகளும் அவர்கள் மனத்தில் பதித்திருக்கும் காட்சி அது. அந்த வீடு ஊரிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே வேறு மனித நடமாட்டம் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் தெருவில் கூடி விளையாடும் நேரமும் அதுவே. எனவே பள்ளிக்கு அனுப்பாததால் மட்டும் அக்குடும்பத்துப் பிள்ளை தனித்துப் போவதில்லை. தெருவில் வசிக்காததால் முதலில் தனித்துப் போகிறது, பள்ளிக்கும் போகாதபோது அத்தனிமை முழுமை பெறுகிறது. உழவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரு, பள்ளி என்று இரு களங்கள் இருக்க, நிலத்தை மிகவும் நேசித்து வந்தவர்களின் பிள்ளைக்கு ஒன்றுகூட எஞ்சாமல் போகக்கூடும்.

தனிமையை விரும்பி இம்மலைகளுக்கு வந்தவர்களும் உண்டு என்பது உண்மையே. செஞ்சியை அடுத்த சிறுகடம்பூரில் உள்ள திருநாதர்குன்றில், இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் செதுக்கப்பட்ட பாறையில், சந்திரநந்தி என்னும் சமணத் துறவி 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த செய்தியைப் பழந்தமிழ்க் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. அவர் துறவி, எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த நோன்பை விதிக்க எவருக்கும் உரிமை இல்லை.

செஞ்சி வட்டாரத்தில் பள்ளிக்கு வெளியே பழக்கம் உண்டாகும் களங்கள் குறைவு என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் கூடும் வாரச்சந்தை ஆட்டு வணிகத்துக்குப் பேர்போனது. பொங்கல், தீபாவளி, பக்ரீத் பண்டிகைகளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளில் விடியும் முன்பே வியாபாரம் தொடங்கிவிடும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், அதாவது விளைபொருளை எடை போட்டு ஏலமுறையில் விற்றுத்தரும் அரசு சார்ந்த அங்காடியில், அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகள் குவிகின்றன. எடை, ஈரப்பதம், விலை, தரகு ஆகியவற்றை ஒரு பிள்ளை கற்க அதைவிட நல்ல வகுப்பறை கிடைப்பது கடினம். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசைதோறும் நடக்கும் ஊஞ்சல் உற்சவத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். கோட்டையே ஒரு பெரும் பாடநூல்: நெற்களஞ்சியத்தின் கொள்ளளவைக் கயிறு பிடித்து அளக்கலாம், மலையுச்சியில் நீர் எப்படித் தேங்கியது என்று ஆராயலாம், சாதத்துல்லா கான் பள்ளிவாசலையும் வெங்கடரமணர் கோயிலையும் ஒரே நாளில் பார்க்கலாம். அக்கோயிலின் தூண்கள் சில புதுச்சேரிக் கடற்கரைக்குக் கொண்டு செல்லப்பட்டு இன்றும் அங்கே காந்தி சிலையைச் சூழ நிற்பதைப் பின்னொரு நாள் போய்ப் பார்த்தால் பிரெஞ்சு ஆட்சியைப் பற்றிய பாடமும் முடிந்துவிடும்.

இவை அனைத்தையும்விடச் செறிவானது பாரதத் திருவிழா. பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியின் திரௌபதி அம்மன் கோயிலை இவ்வழிபாட்டின் மூலத்தலமாக இப்பகுதியினர் கருதுகின்றனர். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைடல் 1988-இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலின் முதல் தொகுதிக்குச் செஞ்சி முதல் குருக்ஷேத்திரம் வரை என்றே துணைத்தலைப்பு இட்டார். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, இறுதியில் துரியோதனனின் மண்ணுருவம் கிடக்கும் படுகளம், பிறகு தீமிதி என நாள்கணக்கில் நீளும் இத்திருவிழாவில், பிள்ளைகள் தூக்கமும் விழிப்புமாகக் கூத்துக்களரியின் ஓரத்திலேயே வளர்கிறார்கள். இலக்கியம், இசை, ஒப்பனை, உறவுமுறை, வரவுசெலவு என எல்லாம் அங்கே கலந்து கிடைக்கின்றன. வீட்டுவழிக் கல்வி பயிலும் பிள்ளைக்கு மறுநாள் காலை பள்ளி மணி அடிக்காது என்பதால், கூத்தை விடியும்வரை பார்க்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் என்பதையும் குறிப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆயினும் திருவிழாவைக் கொண்டு பள்ளியை ஈடுசெய்துவிடலாம் என்று நம்புவோர், இதே விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியை நினைவில் கொள்ள வேண்டும். அவ்வூர்த் திரௌபதி அம்மன் கோயிலில் தலித் மக்கள் நுழைவது மறுக்கப்பட்டதால் எழுந்த மோதலை அடுத்து, 2023 ஜூனில் வருவாய்த் துறையினர் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். சந்தையிலும் கோயிலிலும் ஊரும் சேரியும் தத்தம் இடத்தில்தான் நிற்கின்றன. குறைகள் எத்தனை இருந்தாலும், இரு தெருக்களின் பிள்ளைகளும் நாள்தோறும் அருகருகே உட்கார்ந்து உண்ணும் ஒரே இடமாக ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியே இருந்து வருகிறது. 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பியதோடு நில்லாமல், பந்தி என்னும் பழைய சாதி ஏற்பாட்டையும் அசைத்தன. பள்ளியைத் துறக்கும் குடும்பம் இந்தப் பந்தியையும் சேர்த்துத் துறக்கிறது. வீட்டுவழிக் கல்வியைத் தடைசெய்துள்ள ஜெர்மனி அதற்குக் கூறும் காரணங்களுள் ஒன்று, சமயத்தாலோ கொள்கையாலோ பிரிந்த இணைச் சமூகங்கள் நாட்டுக்குள் உருவாகக் கூடாது என்பதாகும். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2006-இல் ஒரு வழக்கில் அந்நிலைப்பாட்டை ஏற்றது. தடை என்பது மிகையான தீர்வு. ஆனால் அந்த அச்சத்தைச் சாதி வேரூன்றிய நாட்டில் வாழ்வோர் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

தமிழருக்கு வீட்டில் கற்பது புதிதன்று. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கி 1826-இல் முடித்த கல்விக் கணக்கெடுப்பில், சென்னை நகரில் மட்டும் வீட்டில் கற்போர் 26 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் என்று பதிவாகியிருக்கிறது. நகரத்துப் பள்ளிகளில் படித்தோரைப் போல அது ஏறத்தாழ ஐந்து மடங்கு. எண்ணிக்கை மிகையாக இருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார். எப்படியாயினும், அவ்வீட்டுக் கல்வி அவரவர் குலத்துக்குள் அடங்கியதாகவே இருந்தது. அதற்கு மாறான ஒரு சோதனை தென்னாப்பிரிக்காவில் நடந்தது. ஜோகன்னஸ்பர்க் அருகே, ஹெர்மன் கல்லென்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில், 1910-இல் காந்தி டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தபோது, சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களோடு தமிழ்ப் பிள்ளைகள் பலரும் அங்கே வந்து சேர்ந்தனர். ஜி.யு. போப்பின் கையேட்டில் தாம் கற்ற அரைகுறைத் தமிழை வைத்துக்கொண்டு, அப்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் நடத்தினார் காந்தி. முரட்டுப் பிள்ளைகளோடு சொந்தப் பிள்ளைகளைப் பழகவிடுவது சரியா என்று கல்லென்பாக் ஒரு கட்டத்தில் கேட்டார். தம் பிள்ளைகளைப் பிரித்து வைத்தால் தாங்கள் உயர்ந்தவர்கள் என்ற எண்ணம் அவர்களுக்கு உண்டாகிவிடும் என்பதே காந்தியின் விடை. பண்ணையில் கல்வி கற்கும் பிள்ளையின் பழக்கவழக்கம் குறித்து இதைவிட நேரான உரையாடல் நடந்ததாகத் தெரியவில்லை. முறையான படிப்பு தமக்குக் கிடைக்கவில்லை என்ற மனக்குறை காந்தியின் மூத்த மகனுக்குக் கடைசிவரை இருந்தது என்பதும் அதே சோதனையின் மறுபக்கம்.

சாலையின் கிழக்கு முனையில் சாதனா வனத்தைத் தொடங்கிய அவிராம், யோரித் ரோசின் தம்பதியர், தம் பிள்ளைகளைப் பள்ளிசாரா முறையில் வளர்த்தவர்கள். ஏறத்தாழ 70 ஏக்கர் செம்மண் தரிசில், இக்கடற்கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டை மீட்கும் பணிக்குப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் வந்து தங்குகிறார்கள். இத்தகைய இடத்தில் வளரும் பிள்ளை பல மொழிகளையும் கேட்கிறது, பல வயதினரோடும் கூச்சமின்றிப் பேசுகிறது. பள்ளிப் பிள்ளைக்கு எளிதில் வாய்க்காத திறன் அது. ஆனால் தன்னார்வலர்கள் சில வாரங்களில் ஊர் திரும்பிவிடுவார்கள். பத்தாண்டு நட்பு என்பது பக்கத்து ஊர்ப் பிள்ளையோடு மட்டுமே சாத்தியம்.

மேற்கே மருதத்தில் ஏற்பாடு வேறு. காடு வழி என்னும் பொருள்பட ஆங்கிலப் பெயர் கொண்ட அறக்கட்டளை ஒன்று, அருணாசல மலையில் மரம் வளர்க்கும் பணியோடு இப்பள்ளியையும் நடத்துகிறது. சுற்றுவட்டாரத்துக் கிராமப் பிள்ளைகளும், ரமணரை நாடி வந்து திருவண்ணாமலையில் தங்கிவிட்ட வெளிநாட்டு, வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் தமிழும் ஆங்கிலமும் கலந்து சேர்ந்தே கற்கிறார்கள். இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு புவிதம். மும்பையில் கட்டடக் கலை பயின்ற மீனாட்சி, கணவர் உமேஷுடன் 1990களின் தொடக்கத்தில் நாகர்கூடலில் வறண்ட நிலம் வாங்கிக் குடியேறினார். பிள்ளைகள் வளர்ந்தபோது, அவர்களுக்கென்று தனியாகப் பாடம் நடத்துவதோடு நில்லாமல், ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு 2000-ஆம் ஆண்டில் கற்றல் மையமாக அதை மாற்றினார். பிழைப்புக்காக வெளியூர் செல்லும் கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள் தங்கிப் படிக்கவும் பின்னர் இடம் அமைந்தது. தன் பிள்ளைக்குத் துணை தேடிய வீடு, துணையற்ற பிள்ளைகளுக்கு வீடாயிற்று.

இந்தத் தீர்வுக்குத்தான் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் தவறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. எனவே வீட்டுவழிக் கல்வி அனுமதியும் இல்லாமல் தடையும் இல்லாமல் இடைநிலையில் நிற்கிறது. மாறாக, அங்கீகாரம் பெறாமல் பள்ளி நடத்துவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை கூடுதல் அபராதமும் உண்டு. தன் பிள்ளையை மட்டும் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தும் குடும்பத்தைச் சட்டம் கண்டுகொள்வதில்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொள்ளும் குடும்பம் கட்டட உறுதிச் சான்று முதல் தீயணைப்புச் சான்று வரை அலைய நேரிடும். போலிப் பள்ளிகளைத் தடுக்க விதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் விளைவு என்னவோ, தனித்திருப்பதற்குச் சலுகையாகவும் சேர்ந்திருப்பதற்குத் தண்டனையாகவும் முடிந்திருக்கிறது.

தேர்வுகளில் இவ்வளவு சிக்கல் இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதினான்கு வயது நிறைந்தோர் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம். தமிழ்நாட்டு அரசின் எட்டாம் வகுப்புத் தேர்வையும், பின்னர் பத்தாம் வகுப்புத் தேர்வையும் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமல் நேரடியாக விண்ணப்பித்து எழுதும் வழியும் இருக்கிறது.

பெண்பிள்ளைகளின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். செஞ்சிப் பேருந்து நிலையத்தில் மாலை நாலரை மணிக்கு நிற்பவர் காணும் காட்சி, சீருடையோடு கும்பல் கும்பலாக நிற்கும் மாணவியரும், அவர்களின் ஓயாத பேச்சும்தான். கிராமத்துப் பெண்ணுக்குப் பள்ளி தரும் சுதந்திரத்தில் பெரும்பகுதி வகுப்பறையைவிடப் பள்ளிக்குப் போகும் வழியில்தான் கிடைக்கிறது. அரசு தரும் விலையில்லா மிதிவண்டியின் அருமையும் அதில்தான் இருக்கிறது. பருவமடைந்த பெண்ணை ஊர் எளிதில் வெளியே விடுவதில்லை. பள்ளிக்கு என்றால் மட்டும் விடுகிறது. கொல்லை வீட்டில் கற்கும் பெண்ணுக்கு அந்த வழித்துணை இல்லை. பெற்றோர் எவ்வளவு முற்போக்கானவராக இருந்தாலும், தோழியர் இன்றி அவள் தனியே மிதிவண்டியில் போவதை ஊர் வேறுவிதமாகப் பார்க்கும். ஆண்பிள்ளைக்கு ஏரிக்கரைக் கபடி மைதானம் எப்போதும் திறந்தே கிடக்கிறது. பண்ணைவழிக் கல்வியைப் புகழும் எழுத்துகள் இந்த வேறுபாட்டைப் பேசுவதே இல்லை.

இத்தனிமையை நீக்க வழி காட்டும் ஒரு முன்னுதாரணமும் இந்த மாவட்டத்திலேயே கிடைக்கிறது. பெருந்தொற்றால் 2020 மார்ச் முதல் மூடப்பட்ட பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதியில்தான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகத் தமிழ்நாட்டில் அவ்வகுப்புகளின் பிள்ளைகள் அனைவரும் வேண்டியோ வேண்டாமலோ வீட்டில் இருந்தனர். அக்கற்றல் இழப்பைச் சரிசெய்ய, 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பகுதியில் முதலமைச்சர் தொடங்கி வைத்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், ஊரிலேயே வசிக்கும் தன்னார்வலர் ஒருவர், பெரும்பாலும் பெண், ஏறத்தாழ இருபது பிள்ளைகளை மாலை வேளையில் தெருத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ கூட்டிப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அங்கீகாரச் சான்றும் சுற்றுச்சுவரும் கேட்கப்படாத கூட்டம் அது. இதே இசைவை வீட்டுவழிக் கல்விக் குடும்பங்களுக்கும் அளித்து, மாலையில் ஊர்ப் பிள்ளைகளோடு கூடிக் கற்கவும், உள்ளூர் அரசுப் பள்ளியின் விளையாட்டுத் திடலையும் நூலகத்தையும் ஆண்டு விழாவையும் அப்பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளவும் பள்ளிக் கல்வித் துறை வழிசெய்யலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை; ஓர் அரசாணை போதும்.

செஞ்சிப் பக்கம் நிலம் வாங்கிப் பிள்ளைகளோடு குடியேற எண்ணுவோர், கிணற்று நீரையும் பட்டாவையும் பார்ப்பதோடு, ஒரு மாலைப் பொழுது ஊர்த் தெருவிலும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வீட்டைக் கொல்லையில் கட்டாமல், வாடகைக்காயினும் ஊருக்குள் குடியிருந்து நிலத்துக்குப் போய் வருவது நல்லது. இந்த மண்ணின் உழவர்கள் அப்படித்தான் வாழ்கிறார்கள்.